மருந்து பலன் தருகிறதா? சான்றைக் கேட்பது மக்களின் உரிமை

2025 அக்டோபர் 14 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கடைகளில் விற்கப்படும் பானங்களின் பெயரில் ‘ஓஆர்எஸ்’ என்ற எழுத்துகள் இனி இடம்பெறக் கூடாது என்பதே அந்த உத்தரவு. வயிற்றுப்போக்கால் நீரிழந்து துவளும் குழந்தைக்கு உயிர்காக்கும் கரைசலின் பெயரைச் சூட்டிக்கொண்டு, அதைவிடப் பல மடங்கு சர்க்கரை கலந்த பானங்கள் நாடெங்கும் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டுவந்தன. சிறு எழுத்தில் ஓர் எச்சரிக்கை அச்சிட்டால் போதும் என்று 2022-லும் 2024-லும் அனுமதித்ததும் இதே ஆணையம்தான். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் விடாது நடத்திய போராட்டத்திற்குப் பிறகே ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. உத்தரவு வந்ததும் நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின.

இதையொட்டி, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் நமது வாசகர்கள் சிலர் நமக்கு எழுதியிருக்கிறார்கள். அலுவலகப் பணி தேடி அந்நகருக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வேரூன்றிய பகுதி அது. அவர்களது கேள்வி எளிமையானது. மருத்துவர் ஆறு மருந்து எழுதுகிறார். கடைக்காரர் ஏழாவதாக ஒரு டானிக்கை எடுத்துவைக்கிறார். பக்கத்து வீட்டார் மூலிகைச் சூரணம் ஒன்றைப் பரிந்துரைக்கிறார். கட்சிக் கிளைக் கூட்டத்திற்கு வரும் தோழர் ஒருவரோ, இவை அனைத்துமே கம்பெனிகளின் சூழ்ச்சி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். இவற்றில் எது உண்மையில் பலன் தரும் என்பதை உழைப்பாளி மக்கள் எவ்வாறு அறிவது?

இது மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்றிய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கின்படியே 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்திருக்கிறார்கள். வெளிநோயாளிகளைப் பொறுத்தவரை இச்செலவில் பெரும்பங்கு மருந்துக் கடைக்கே போகிறது. பலன் தராத மருந்துக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் தொழிலாளியின் கூலியிலிருந்து செய்யப்படும் களவு. பலன் தரும் மருந்து கிடைக்காமல் போவது அதனினும் கொடிய களவு.

பன்காவ் முகாமில் மெய்ப்பிக்கப்பட்டது

கேள்வி கொல்கத்தாவிலிருந்து வந்திருப்பது பொருத்தமே. ஓஆர்எஸ் என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் வரலாற்றில் அந்நகருக்கு அழியாத இடமுண்டு. காலராக் கிருமி வெளியிடும் நச்சே உடலின் நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959இல் சோதனை மூலம் நிறுவியவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. அதற்கு முன்பே, 1953இல், ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற கல்கத்தா மருத்துவர், லேசான காலராவுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் கரைசலே போதும் என்று தமது அனுபவத்தை ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஆனால் அக்கரைசலை அருந்தியவர்களையும் அருந்தாதவர்களையும் அவர் ஒப்பிட்டுக் காட்டவில்லை. மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்தனர். கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பன்காவ் முகாம்களில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. அதை ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. அப்போது மருத்துவர் திலீப் மகாலானபிஸ், குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு ஆகிய மூன்றையும் அளந்து பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கலந்து வாய்வழியாகக் கொடுக்கும் முறையைப் பெருந்திரளான நோயாளிகளிடம் செயற்படுத்தினார். கரைசலைப் புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் தாய்மார்களும் உறவினர்களுமே. சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்காவில் நடந்தது திட்டமிட்ட ஒப்பீட்டுச் சோதனை அன்று. மரணத்தின் நடுவே எடுக்கப்பட்ட துணிச்சலான முடிவு. ஆயினும் அது இருட்டில் எறிந்த கல்லும் அன்று. குளுக்கோசுடன் சேரும்போது குடல் உப்பை உறிஞ்சிக்கொள்கிறது, உப்பின் பின்னே நீரும் உள்ளே செல்கிறது என்பது ஆய்வகத்தில் அறியப்பட்டிருந்தது. டாக்காவில் 1968இல் நடந்த ஒப்பீட்டுச் சோதனைகள், வாய்வழிக் கரைசல் சலைனின் தேவையைப் பெருமளவு குறைக்கிறது என்பதைக் காட்டியிருந்தன. அறிவியல் மெய்ப்பித்ததை ஏழைகளின் கூடாரத்துக்குக் கொண்டு சேர்க்க முடியும் என்பதை மெய்ப்பித்ததுதான் பன்காவின் சாதனை.

கதை அத்துடன் முடியவில்லை. கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த அந்தக் கரைசலும் மறுபரிசீலனைக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்படவில்லை. உப்பும் சர்க்கரையும் சற்றுக் குறைந்த கரைசல் இன்னும் மேலானதா என்று பல நாடுகளில் சோதனைகள் நடந்தன. அச்சோதனைகள் அனைத்தையும் ஒன்றுதிரட்டி ஆராய்ந்தபோது, புதிய கரைசலைப் பெற்ற குழந்தைகளுக்குச் சலைன் ஏற்ற வேண்டிய தேவையும் வாந்தியும் குறைந்திருப்பது தெளிவாயிற்று. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அளவுகளை மாற்றியது. இன்று ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. சர்க்கரையில் ஆறரை கிராம் குறைவா கூடுதலா என்பதைக்கூட உலகளாவிய ஆய்வுக்கு உட்படுத்தித் தீர்மானித்த ஒரு மருந்தின் பெயரைத்தான் சர்க்கரைப் பானத்துக்குச் சூட்டி விற்க அனுமதித்தார்கள். அறிவியல் கறாராக அளந்ததைச் சந்தை எவ்வளவு எளிதாகக் கலைத்துவிடுகிறது!

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் ஓஆர்எஸ் கொடுக்கப்பட்டோர் 60.6 விழுக்காடு. பத்தில் நான்கு குழந்தைகளுக்கு, இந்த மண்ணில் மெய்ப்பிக்கப்பட்ட, சில ரூபாய் விலையுள்ள மருந்து சென்று சேரவில்லை.

சேத்துப்பட்டு தந்த பாடம்

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்பதை நேர்மையாக அறியும் முறைக்குத் தமிழ் மண்ணிலேயே உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1950களில் இந்தியாவில் காசநோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர்; சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. சத்தான உணவும் முழு ஓய்வும் தூய காற்றும் இல்லாமல் காசநோய் குணமாகாது என்பதே அன்றைய மருத்துவ நம்பிக்கை. அதன்படி பார்த்தால் குடிசைவாசி சாக வேண்டியவனே.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூட்டாக நடத்திய அம்மையம், அந்த நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்தியது. 193 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் நெரிசல் மிகுந்த தத்தம் வீடுகளில். இரு பிரிவினருக்கும் அதே மருந்துகள், அதே ஓராண்டுக் காலம்.

யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் தாமே தேர்ந்தெடுத்திருந்தால், நோய் முற்றியவர்களை ஒரு பக்கமும் தேறக்கூடியவர்களை மறுபக்கமும் தம்மை அறியாமலேயே அனுப்பியிருக்கக் கூடும். பிறகு கிடைக்கும் வேறுபாடு சிகிச்சையால் வந்ததா, தேர்வால் வந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. குலுக்கல் அந்தச் சாய்வை அகற்றுகிறது.

1959இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியிருந்தோர் சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. சத்துணவும் ஓய்வும் பெற்றவர்களுக்கும், அரைவயிற்றுக் கஞ்சியோடு வேலைக்கும் சென்றவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. பின்தொடர்ந்த ஆண்டுகளில் நோய் திரும்பியதிலும் வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை. நோயாளியோடு ஒரே அறையில் வாழ்ந்த குடும்பத்தினரிடையே நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. குணமாக்கியது மாளிகையன்று, மருந்து. 1962இல் வகுக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் இந்த முடிவின் மீதே எழுந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இதிலிருந்து சத்துணவு வேண்டாம் என்ற முடிவுக்கு எவரும் வரக் கூடாது. வறுமையே காசநோயின் விளைநிலம் என்பது மாறாத உண்மை. சேத்துப்பட்டு சொன்னது வேறு: ஏழைக்கு மாளிகை கிடைக்கும்வரை மருந்தை நிறுத்திவைக்காதீர்கள். மேலும், வீட்டு நோயாளிகளை ஊழியர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தனர், மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று உறுதிசெய்தனர். மலிவான சிகிச்சை பலன் தருவதற்கு அரசு ஊழியர்களின் அயராத உழைப்பு தேவை. அந்த உழைப்பை வெட்டிவிட்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது சேத்துப்பட்டு முறையாகாது.

ஸ்பெயினிலிருந்து திரும்பிய மருத்துவர்

ஒரு சோதனை ஒரு சான்று. ஆனால் ஒரே மருந்தைப் பற்றிப் பத்து இடங்களில் பத்துச் சோதனைகள் நடந்து, முடிவுகள் முரண்பட்டால் என்ன செய்வது? விருப்பமானதை எடுத்துக்காட்டிவிட்டு மற்றவற்றை மறைப்பது விளம்பரதாரரின் வழி. அனைத்தையும் தேடித் திரட்டி, ஒவ்வொன்றின் தரத்தையும் எடைபோட்டு, ஒட்டுமொத்தமாக என்ன தெரிகிறது என்று சொல்வது மீளாய்வு. இன்று உலகில் இப்பணியைச் செய்யும் அமைப்புகளுள் முதன்மையானது 1993இல் தோன்றிய காக்ரேன் அமைப்பு.

அது யாருடைய பெயரைத் தாங்கியுள்ளது என்பதை நம் தோழர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆர்ச்சி காக்ரேன், மருத்துவ மாணவராக இருந்தபோதே ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குச் சென்று, பாசிசத்தை எதிர்த்த குடியரசின் பக்கம் நின்று மருத்துவ ஊர்தி அணியில் பணியாற்றியவர். பிரிட்டனில் பொது மருத்துவச் சேவை கோரி நடந்த பேரணியில், பயனுள்ள சிகிச்சை அனைத்தும் இலவசமாக வேண்டும் என்ற பொருள்பட ஒரு பதாகையைத் தன்னந்தனியாக ஏந்திச் சென்றவர். பிற்பாடு நாஜிகளின் போர்க்கைதி முகாமில் சக கைதிகளுக்கு மருத்துவம் பார்த்தபோது, தாம் கொடுக்கும் சிகிச்சைகளில் எது உயிர் காக்கிறது, எது வீண் என்று தமக்கே தெரியவில்லையே என்று வருந்தியவர்.

அவரது முழக்கத்தில் இரண்டு சொற்களுக்கும் சம எடை உண்டு. இலவசம் என்பது நீதியின் கோரிக்கை. பயனுள்ள என்பது அறிவியலின் கோரிக்கை. இரண்டாவதை விட்டுவிட்டால் மக்களின் வரிப்பணம் பலனற்ற மருந்துகளில் கரையும். முதலாவதை விட்டுவிட்டால் பலனுள்ள மருந்து பணக்காரரின் தனியுடைமையாகும்.

இந்த மீளாய்வுகளை இந்தியர் எவரும் கட்டணமின்றிப் படிக்க 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்பாடு செய்தது. இவ்வமைப்பின் தெற்காசிய மையம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இயங்கிவந்திருக்கிறது. கருவி நம் வாசலிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் அரசியல் உறுதிதான் இல்லை.

அக்கருவியின் வலிமைக்கு ஒரு சான்று. 2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது உலக அரசுகள் டாமிஃபுளூ மாத்திரைகளை மலையாக வாங்கிக் குவித்தன. அதன் சோதனைகளின் முழு அறிக்கைகளைக் கேட்டு மீளாய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். தயாரிப்பு நிறுவனமான ரோஷ் 2013இல்தான் அவற்றைக் கொடுத்தது. 2014இல் வெளியான மீளாய்வின்படி, அம்மருந்து பெரியவர்களின் காய்ச்சல் அறிகுறிகளைக் குறைத்தது ஒரு நாளுக்கும் குறைவான நேரமே. மருத்துவமனையில் சேரும் நிலையைத் தடுத்தது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. மருந்தை விற்றபின் சான்றைக் காட்டுவது, கூலியைப் பிடித்துக்கொண்டபின் கணக்குக் காட்டுவதைப் போன்றது.

கொரோனாக் காலத்தில் நேர்ந்தவை

நமது நினைவிலிருந்து மறையாத 2021 வசந்த காலத்துக்கு வருவோம். படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த குடும்பங்கள், பிளாஸ்மாவுக்கும் ரெம்டெசிவிர் குப்பிக்கும் கூட அலைந்தன. கள்ளச் சந்தையில் தாலியை விற்று வாங்கினார்கள்.

அவற்றைப் பற்றி அதற்குள் என்ன தெரிந்திருந்தது? குணமடைந்தவரின் பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்றும் முறையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்திருந்தது. பிளாஸ்மா பெற்றோரில் 19 விழுக்காட்டினரும் பெறாதோரில் 18 விழுக்காட்டினரும் நோய் முற்றினர் அல்லது இறந்தனர். பலன் இல்லை. இம்முடிவு 2020 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. ஆனால் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில். இடைப்பட்ட ஏழு மாதங்களில் எத்தனை குடும்பங்கள் வீணாக ஓடின! உலக சுகாதார நிறுவனம் 30 நாடுகளில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய சோதனையோ, மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் இறப்பை ரெம்டெசிவிர் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று 2020 அக்டோபரிலேயே அறிவித்திருந்தது.

மறுபுறம், டெக்சாமெதசோன் என்னும் பழைய, மிக மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததைப் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை மருத்துவமனைகளில் நடந்த சோதனை 2020 ஜூனில் நிறுவியது. விலைக்கும் பலனுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டுமா?

ஒன்றிய அரசு அப்போது செய்தது என்ன? 2021 பிப்ரவரியில் பதஞ்சலி நிறுவனம் ‘கொரோனில்’ என்னும் தயாரிப்பை விளம்பரப்படுத்திய மேடையில் ஒன்றிய சுகாதார அமைச்சரே அமர்ந்திருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் அங்கே இழுக்கப்பட்டதும், தாங்கள் எந்தப் பாரம்பரிய மருந்துக்கும் சான்றளிக்கவில்லை என்று அந்நிறுவனம் மறுக்க நேர்ந்தது. தவறான விளம்பரங்களுக்காக அந்நிறுவனத்தின் தலைவர்கள் 2024இல் உச்ச நீதிமன்றத்தின் முன் மன்னிப்புக் கேட்டனர். 2021 ஜனவரியில் கோவாக்சினுக்கு, அதன் மூன்றாம் கட்டச் சோதனையின் பலன் முடிவுகள் வருமுன்பே அனுமதி அளிக்கப்பட்டது. பின்னர் வந்த முடிவுகள் அத்தடுப்பூசி பலன் தருவதைக் காட்டின. நல்ல தடுப்பூசி ஒன்றின் மீதே மக்களிடம் ஐயத்தை விதைத்தது அரசின் அவசரமே.

காவலர்களின் நிலை

மருந்துகளைச் சோதித்து அனுமதிக்க வேண்டிய அமைப்பின் இலட்சணத்தை நாடாளுமன்ற நிலைக்குழு தனது 59ஆம் அறிக்கையில் 2012 மே மாதத்தில் அம்பலப்படுத்தியது. 2008 ஜனவரிக்கும் 2010 அக்டோபருக்கும் இடையே 31 புதிய மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் சோதிக்கப்படாமலேயே அனுமதி பெற்றிருந்தன. வெவ்வேறு நகரங்களின் மருத்துவ நிபுணர்கள் தனித்தனியாக எழுதியதாகக் கூறப்பட்ட பரிந்துரைக் கடிதங்கள் ஏறக்குறைய வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. அவற்றின் பின்னே மருந்துக் கம்பெனிகளின் கை இருப்பதை நிலைக்குழு சுட்டிக்காட்டியது.

ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகளைக் காரணமின்றிக் கலந்து விற்கும் வழக்கமும் அத்தகையதே. 2016 மார்ச்சில் அத்தகைய 344 கலவைகள் தடைசெய்யப்பட்டன. கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. அவ்வாண்டு இறுதியில் தடை இரத்தாயிற்று. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி மறுஆய்வு செய்தபின் 2018 செப்டம்பரில் 328 கலவைகள் மீண்டும் தடைசெய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் மேலும் 156. சிகிச்சை அடிப்படை இல்லை என்று இன்று கூறப்படும் இவற்றை நேற்றுவரை மக்கள் விலைகொடுத்து விழுங்கியிருக்கிறார்கள். அந்தப் பணத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

இத்தனைக்கும் நடுவே, 2024 மார்ச்சில் தேர்தல் பத்திர விவரங்கள் வெளியானபோது, அவற்றை வாங்கியோர் பட்டியலில் மருந்து நிறுவனங்கள் பலவும் இருந்ததை நாடு கண்டது. சான்றை எடைபோட வேண்டிய தராசின் ஒரு தட்டில் பணம் வைக்கப்பட்டிருக்கிறது.

நம் பக்கத்துத் தவறுகள்

இவ்வளவையும் சொன்னபின், லேக் மார்க்கெட் தோழர்கள் குறிப்பிட்ட அந்த ஒற்றை வரிக்கு வருவோம். அனைத்தும் கம்பெனிகளின் சூழ்ச்சி என்று சொல்வது புரட்சிகரமாகத் தோன்றலாம். உண்மையில் அது சிந்தனைச் சோம்பல். மருந்தை விற்பவன் இலாபத்துக்காக விற்கிறான் என்பது, அம்மருந்து பலன் தருமா தராதா என்ற கேள்விக்கு விடையாகாது. அக்கேள்விக்குச் சோதனை ஒன்றே விடை சொல்லும்.

2009-10இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பழங்குடிச் சிறுமிகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்ட திட்டத்தை நினைவுகூர்வோம். பெற்றோரின் முறையான சம்மதமின்றி விடுதிக் காப்பாளர்களிடம் கையொப்பம் பெறப்பட்டது. பெண்கள் அமைப்புகள் எழுப்பிய குரலால் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தப் போராட்டம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அதைக் காட்டி அத்தடுப்பூசியே வீண் என்று இன்றும் பேசுவோர் நம்மிடையே உண்டு. நேர்ந்த ஏழு மரணங்கள் தடுப்பூசியால் விளைந்தவை என்று விசாரணை கண்டறியவில்லை. 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான சுவீடன் ஆய்வு, 17 வயதுக்கு முன் அத்தடுப்பூசி பெற்றவர்களிடம் அப்புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. சோதிக்கப்பட்ட விதம் அநீதியானது. சோதிக்கப்பட்ட பொருள் பலனுள்ளது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். முதலாவதற்காகப் போராடும் நாம் இரண்டாவதை மறுத்தால், அதன் விலையை உழைக்கும் பெண்கள்தான் கொடுப்பார்கள்.

மற்றொரு தவறு, பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவது. சித்த மருத்துவம் நம் மக்களின் அறிவுச் செல்வம். அதைச் சோதிப்பது அதை இழிவுபடுத்துவதாகாது. சோசலிசச் சீனம் 1967இல் தொடங்கிய மலேரியா ஆராய்ச்சித் திட்டத்தில், பழஞ்சுவடிகளைப் படித்த து யூயூ, அவற்றில் கண்ட ஒரு மூலிகையிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார், சோதித்தார், உலகம் ஏற்றது. மரபை மதிப்பது என்றால் இதுதான். சோதிக்காமலே குப்பியில் அடைத்துத் தேசபக்தி முத்திரை குத்துவது மரபை விற்பது.

விரும்பாத முடிவையும் வெளியிடும் நேர்மைக்கும் தமிழகமே எடுத்துக்காட்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் பிசிஜி தடுப்பூசி சோதிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. அரசே நடத்திய சோதனை, அரசின் நம்பிக்கைக்கு எதிரான முடிவு; ஆயினும் மறைக்கப்படவில்லை. குழந்தைகளின் கடுமையான காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் இருப்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. எதற்குப் பலன், எதற்கு இல்லை என்று பிரித்துச் சொல்வதே அறிவியல். நடைமுறையே உண்மையின் உரைகல் என்று கற்ற இயக்கத்துக்கு இது அந்நியமான பாடமன்று.

என்ன செய்ய வேண்டும்?

நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். முதலாவதாக, இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் முன்கூட்டியே பதிவுசெய்வது 2009 முதல் கட்டாயமாக உள்ளது. பதிவு போதாது, முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் குறித்த காலத்துக்குள் முழுமையாக வெளியிடுவது சட்டக் கடமையாக வேண்டும். இரண்டாவதாக, சந்தையிலுள்ள மருந்துகளை மீளாய்வு செய்து, மக்கள் மொழிகளில் முடிவுகளை வெளியிடும் சுதந்திரமான பொது அமைப்பு வேண்டும். நிறுவனங்களிடம் ஊதியமோ கொடையோ பெறுவோருக்கு அதில் இடம் கூடாது. மூன்றாவதாக, மருத்துவர்களுக்குப் பரிசும் பயணமும் வழங்கி மருந்து எழுதவைக்கும் முறையைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும். இதற்காக மருத்துவ விற்பனைப் பிரதிநிதிகளின் சங்கம் உச்ச நீதிமன்றம்வரை சென்று போராடிவருகிறது. விற்கும் வேலையில் அமர்த்தப்பட்ட தொழிலாளர்களே விற்பனை மோசடியை எதிர்ப்பது பெருமைக்குரியது. நமது முழு ஆதரவும் அவர்களுக்கு உரியது.

நான்காவதாக, 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் போல், அத்தியாவசிய மருந்துப் பட்டியலின்படி அரசே மொத்தமாக வாங்கி இலவசமாக வழங்கும் ஏற்பாடு எல்லா மாநிலங்களிலும் வலுப்பட வேண்டும். பலனுள்ளவை மட்டுமே பட்டியலில் இருந்தால், சான்று என்பது ஏட்டிலிருந்து இறங்கி நோயாளியின் கைக்கு வருகிறது. ஐந்தாவதாக, பிரபுல்ல சந்திர ராய் 1901இல் கல்கத்தாவில் நிறுவிய பெங்கால் கெமிக்கல்ஸ் உள்ளிட்ட பொதுத்துறை மருந்து நிறுவனங்களை விற்கும் 2016ஆம் ஆண்டு முடிவைக் கைவிட்டு அவற்றுக்குப் புத்துயிர் அளிக்க வேண்டும். இலாபம் இல்லை என்பதற்காகத் தனியார் சோதிக்க மறுக்கும் மலிவான மருந்துகளைப் பொதுத்துறையும் பொது நிதியும்தான் சோதிக்கும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை 2025க்குள் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக 2017இல் அரசே அளித்த வாக்குறுதிக்கு எதிரே, 2021-22இல் அரசுகள் செலவிட்டது 1.84 விழுக்காடு மட்டுமே.

கோரிக்கைகள் அரசை நோக்கியவை. தோழர்களை நோக்கியும் ஒன்று சொல்ல வேண்டும். கிளைக் கூட்டங்களிலும் குடியிருப்புகளிலும், மருந்தைப் பற்றிய பேச்சு எழும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இதை எதனுடன் ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? எல்லாச் சோதனைகளின் முடிவும் வெளியே இருக்கிறதா? சொல்பவருக்கு இதில் வருவாய் உண்டா? மருத்துவரிடம் பணிவோடும் உறுதியோடும் இக்கேள்விகளைக் கேட்கலாம். நேர்மையான மருத்துவர் எவரும் அதற்காகச் சினம் கொள்ள மாட்டார். ஆனால் உட்கொண்டுவரும் மருந்தை எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கேள்வி கேட்பது சிகிச்சையைக் கைவிடுவதற்கன்று, சரியான சிகிச்சையைப் பெறுவதற்கே.

லேக் மார்க்கெட் தோழர்களுக்கு நமது விடை இதுவே. மருந்துக் கடையின் அலமாரி முழுவதும் பொய்யும் அன்று, முழுவதும் மெய்யும் அன்று. பிரித்தறியும் கருவி இருக்கிறது. அதை உருவாக்கியதில் உங்கள் நகரத்துக்கும் எங்கள் சேத்துப்பட்டுக்கும் பங்கு இருக்கிறது. அந்தக் கருவி நிபுணர்களின் பேழையிலும் கம்பெனிகளின் பெட்டகத்திலும் பூட்டிக்கிடக்க விடலாகாது. அடுத்த வாரம் உங்கள் பகுதியில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், வண்ணப் பெட்டிப் பானத்தைத் தவிர்த்து, உலக சுகாதார நிறுவன அளவுப்படி என்று அச்சிடப்பட்ட ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு தோழர் அந்தத் தாயின் கையில் கொடுத்து, கலக்கும் முறையையும் சொல்லித் தரட்டும். குழந்தை சோர்ந்தால் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். பன்காவ் முகாமில் தொடங்கிய பணியில் மிச்சமிருப்பதை அங்கிருந்து தொடரலாம்.